பொண்ணை சயின்ஸ், இன்ஜினியரிங் பக்கம் இழுக்க எது சரி: கிளாஸா, கேர்ள்ஸ் கிளப்பா, வீடா, மென்ட்டரா?

பொண்ணுக்கு சயின்ஸ்ல ஆர்வம் வரணும், என்ன பண்ணலாம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ரோபோடிக்ஸ் கிளாஸ்ல போடுங்கன்னு ஒருத்தர், பசங்க இருந்தா பேசவே மாட்டா, பொண்ணுங்க மட்டும் இருக்கற கிளப்தான் சரின்னு இன்னொருத்தர், காசு எதுக்குங்க வீட்லயே பண்ணலாமேன்னு ஒரு குரூப், இன்ஜினியரா இருக்கற யாராவது ஒரு அக்காகிட்ட பேச வைங்க அது போதும்னு ஒரு குரூப். நாலுமே தப்பில்ல. ஆனா நாலும் ஒரே வயசுக்கும் ஒரே மாதிரி பொண்ணுக்கும் ஒத்து வராது, அதைத்தான் யாரும் சொல்றதில்ல. அதனால நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.

## எதை வச்சு பாக்கறது

முதல் கேள்வி, என்னைப் பொறுத்தவரை மத்த எல்லாத்தையும் விட பெரிய கேள்வி: ஸ்க்ரூ டிரைவர் யார் கையில இருக்கு? சும்மா சொல்லல. எந்த ரோபோடிக்ஸ் குரூப்பையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா நின்னு கவனிங்க. நாலு பேர், ஒரு மேஜை, ஒரு கிட். ஒரு பையன் மோட்டாரை மாட்டிட்டு இருப்பான், இன்னொருத்தன் லேப்டாப் முன்னாடி உக்காந்திருப்பான், மூணாவது ஆள் "டேய் அது இப்படி இல்லடா"ன்னு கத்திட்டு இருப்பான், பொண்ணு நோட்ல ஸ்டெப் ஸ்டெப்பா அழகா எழுதிட்டு இருப்பா, இல்லன்னா டீமுக்கு போஸ்டர் வரைஞ்சுட்டு இருப்பா. யாரும் அவளை ஒதுக்கல, "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ எழுது"ன்னு பாராட்டித்தான் குடுத்திருப்பாங்க. கோர்ஸ் முடிஞ்சதும் அவளுக்கும் அதே சர்டிபிகேட் கிடைக்கும், ஆனா கம்பியையே தொட்டிருக்க மாட்டா.

ரெண்டாவது, கூட யார் இருக்காங்க. 2015ல வந்த ஒரு ஆய்வுல இன்ஜினியரிங் படிக்கற பொண்ணுங்களை நாலு நாலு பேர் குரூப்பா உக்கார வச்சு பாத்தாங்க. மூணு பொண்ணு இருந்த குரூப்ல பொண்ணுங்க நல்லா வாயைத் திறந்து பேசினாங்க, ஒரே ஒரு பொண்ணா மாட்டின குரூப்ல பேச்சு குறைஞ்சு போச்சு. அதே படிப்புதான், பக்கத்துல உக்காந்திருக்கறது யாருங்கறது மட்டும்தான் மாறுச்சு.

மூணாவது வயசு. "ரொம்ப ரொம்ப புத்திசாலி ஒருத்தர்"னு ஒரு கதை சொல்லி அது யாரா இருக்கும்னு குழந்தைங்ககிட்ட கேட்டு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு. 5 வயசுல பையன் பையனைக் காட்டறான், பொண்ணு பொண்ணைக் காட்டறா, வித்தியாசமே இல்ல. 6, 7 வயசுல பொண்ணுங்க பொண்ணைக் காட்டறது குறைஞ்சு போச்சு, "இது ரொம்ப புத்திசாலிங்களுக்கான விளையாட்டு"ன்னு சொன்னா அந்த விளையாட்டுலேயே ஆர்வம் குறைஞ்சிடுச்சு. பத்தாவது முடிச்சதும் பாத்துக்கலாம்னு இருக்கறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்.

மத்தபடி ஆறு மாசம் தாங்குமா, வெளியில தெரியாத செலவு என்ன, இது ரெண்டும். செலவுன்னா காசு மட்டும் இல்ல, உங்க சனிக்கிழமை, அவளோட தைரியம் எல்லாம் சேர்த்து.

## வழி 1: காசு கட்டற கோடிங் / ரோபோடிக்ஸ் கிளாஸ்

பிளஸ் என்னன்னா ஒரு ஒழுங்கு இருக்கும். வாரத்துல இந்த நாள் இந்த நேரம்னு ஓடும், உங்களுக்கு விஷயம் தெரியணும்னு அவசியம் இல்ல, வீட்ல வாங்க முடியாத சாமான் அங்க இருக்கும். ஏற்கனவே இதுல பைத்தியமா இருக்கற பொண்ணுக்கு இது நல்ல தீனி.

மைனஸ், மேல சொன்ன போஸ்டர் கதை. இன்னொண்ணு, கிளாஸ்ல வர பாதிப் பேர் ஏற்கனவே வீட்ல நோண்டிட்டு வந்தவங்களா இருப்பாங்க. புதுசா வர பொண்ணு அவங்களைப் பாத்துட்டு "எனக்கு இது வராது"ன்னு முடிவு பண்ணிடுவா, அவன் ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சவன்ங்கறது அவளுக்குத் தெரியாது. இது குழந்தைங்க பிரச்சனை மட்டும் இல்ல, காலேஜ்லயும் இதேதான். அமெரிக்கால ஹார்வி மட்னு ஒரு காலேஜ், 2006 வாக்குல அங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கறவங்கள்ல பொண்ணுங்க 10 சதவீதம் பக்கம்தான் இருந்தாங்க. அவங்க பண்ணதுல முக்கியமானது, முதல் கோர்ஸையே ஏற்கனவே கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, தெரியாதவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்க. சில வருஷத்துல 40 சதவீதம் ஆச்சு. வேற மாற்றமும் பண்ணாங்க, இது ஒண்ணே காரணம்னு சொல்ல வரல, ஆனா கத்துக்க வேண்டிய விஷயம் இதுல இருக்கு.

அதனால சேர்க்கறதுக்கு முன்னாடி கிளாஸ் நடத்தறவங்ககிட்ட மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணுமே தெரியாதவங்களுக்குத் தனி பேட்ச் இருக்கா? ஒரு கிட்டுக்கு எத்தனை பேர்? குரூப்ல வேலையை மாத்தி மாத்திக் குடுப்பீங்களா? ரெண்டு பேருக்கு ஒரு கிட்னா ஓகே, நாலு பேருன்னா யோசிங்க. "அதெல்லாம் பசங்களே பாத்துப்பாங்க சார்"னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.

தெரியாத செலவு: லெவல் 1 முடிஞ்சா லெவல் 2, அப்புறம் காம்பெடிஷன், அதுக்கு தனி கிட், தனி ஃபீஸ். கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர நேரம். அதை விடப் பெரிசு, நடுவுல பிடிக்காம நின்னா "எனக்கு இன்ஜினியரிங் ஒத்து வராது"ன்னு பொண்ணு மனசுல பதியறது. நிஜத்துல ஒத்து வராதது அந்த ஒரு கிளாஸ்தான்.

## வழி 2: பொண்ணுங்க மட்டும் இருக்கற கிளப், கேம்ப்

இதைக் கேட்டதும் "வெளி உலகத்துல ஆம்பளைங்களோடதானே வேலை பாக்கணும், இப்பவே பிரிச்சு வச்சா எப்படி"ன்னு ஒரு வாதம் வரும். வாதத்துல பாதி நியாயம் இருக்கு. பள்ளிக்கூடத்தையே ஆண், பெண்ணுன்னு பிரிக்கறதால படிப்புல பெரிய லாபம் ஒண்ணும் இல்லைன்னு 2014ல 21 நாட்டு ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தவங்க சொல்லிட்டாங்க. ஸோ இதுக்காக ஸ்கூல் மாத்தறது எல்லாம் தேவையில்லாத வேலை.

ஆனா வாரத்துல ரெண்டு மணி நேர கிளப்புங்கறது வேற விஷயம். இங்க வேற வழியே இல்ல, மோட்டாரையும் ஒரு பொண்ணுதான் மாட்டணும், கோடும் ஒரு பொண்ணுதான் அடிக்கணும், போஸ்டரும் ஒரு பொண்ணுதான் வரையணும், மூணையும் மாத்தி மாத்தி செய்வாங்க. முதல் கேள்விக்கு இது தானாவே பதில் சொல்லிடுது. 10லேர்ந்து 14 வயசு, நாலு பேர் என்ன நினைப்பாங்கங்கறது உயிர் போற விஷயமா இருக்கற வயசு இல்லையா, அப்போ இதுதான் என் முதல் சாய்ஸ். கூட்டத்துல கை தூக்க கூச்சப்படற பொண்ணுன்னா கண்ணை மூடிட்டு இதுல போடுங்க.

ஒரு எச்சரிக்கை. "கேர்ள்ஸுக்காக"ன்னு போட்டு எல்லாத்தையும் பிங்க் ஆக்கி, மத்த இடத்துல கியர் ரேஷியோ சொல்லித் தரும்போது இங்க வளையல்ல எல்.இ.டி ஒட்டறதோட நிறுத்தற கேம்ப்புங்க இருக்கு. வளையல்ல எல்.இ.டி வைக்கறது தப்பே இல்ல, அது ஏன் எரியுதுன்னு சொல்லித் தராம விடறதுதான் தப்பு. சிலபஸ் வாங்கிப் பாருங்க.

தெரியாத செலவு: இந்த மாதிரி கிளப் பக்கத்துல இல்லைன்னா நீங்களே ஆரம்பிக்கற மாதிரி ஆகிடும், நாலு அம்மாவை சேர்த்து, இடம் பிடிச்சு, சாமான் வாங்கி... முதல் மாசம் ஜோரா இருக்கும், பரீட்சை நேரம் வந்ததும் ஆள் குறையும். தாங்கற சக்தி இந்த நாலு வழில இதுக்குத்தான் கம்மி.

## வழி 3: வீட்லயே

நிறைய பேர் இதை ஒரு வழியாவே கணக்குல எடுக்கறதில்ல, கிளாஸுக்கு முன்னாடி ஒரு டைம்பாஸ்னு நினைக்கறாங்க. எனக்கு மாறுபட்ட கருத்து. 10 வயசுக்குக் கீழ இதை விட பெட்டர் ஒண்ணும் இல்ல, செலவும் கம்மி, எல்லாத்துக்கும் மேல கை முழுக்க முழுக்க அவளோடது. நீங்க கெடுக்காம இருந்தா.

கெடுக்கறதுன்னா எப்படின்னு ஒரு உதாரணம். ஒரு சிவப்பு எல்.இ.டி, ஒரு சின்ன ரெசிஸ்டர் (கரண்ட் அதிகமா போகாம தடுக்கற பொருள்), 1.5 வோல்ட் பேட்டரி, ரெண்டு துண்டு ஒயர் குடுக்கறீங்க. அவ மாட்டறா, எரியல. பொண்ணுன்னா இந்த இடத்துலதான் நம்ம கை உடனே நீளும், "குடு நான் பண்றேன்". ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருங்க. திருப்பி மாட்டிப் பாப்பா, அப்பவும் எரியாது, ஏன்னா சிவப்பு எல்.இ.டிக்கு கிட்டத்தட்ட 2 வோல்ட் வேணும், ஒரு பேட்டரி பத்தாது. ரெண்டு பேட்டரியை வரிசையா வச்சு 3 வோல்ட் ஆக்கினாலும் நீளக் கால் பிளஸ் பக்கம் இல்லைன்னா எரியாது. இந்த ரெண்டையும் அவளே கண்டுபிடிச்சா அரை மணி நேரம் ஆகும், நீங்க சொன்னா பத்து செகண்ட். அந்த அரை மணி நேரம்தாங்க இன்ஜினியரிங், அதை அவகிட்டேருந்து பிடுங்கிடாதீங்க. ரொம்ப கடுப்பானா "பேட்டரியில என்ன நம்பர் எழுதியிருக்கு?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. ஒரு பட்டன் பேட்டரி வச்சாலே எரியும்னு வீடியோல பாத்திருப்பீங்க, சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்ல அது வேண்டவே வேண்டாம், முழுங்கினா ரொம்ப ஆபத்து.

பேச்சும் முக்கியம். ஒரு குழந்தைங்க மியூசியத்துல பெத்தவங்க பேசறதை ரெக்கார்ட் பண்ணி 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பொண்ணை விட பையனுக்கு மூணு மடங்கு அதிகமா "இது ஏன் இப்படி வேலை செய்யுது"ன்னு விளக்கியிருக்காங்க. அம்மா, அப்பா ரெண்டு பேருமே. யாரும் வேணும்னு பண்ணல, அதான் பயமே. இன்னொரு சின்ன விஷயம், 2019ல வந்தது: 4லேர்ந்து 9 வயசு பொண்ணுங்ககிட்ட "வா, நாம சயின்டிஸ்ட் ஆகலாம்"னு சொன்னதை விட "வா, சயின்ஸ் பண்ணலாம்"னு சொன்னப்போ அதிக நேரம் விடாம பண்ணாங்களாம். நீ பெரிய சயின்டிஸ்ட் ஆகணும் செல்லம்னு தினமும் சொல்றவங்க அதை நிறுத்திட்டு கையில ஒரு சாமானைக் குடுக்கலாம்.

கணக்கு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. கணக்குன்னாலே பயப்படற அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்குக்கு உதவினா குழந்தை அந்த வருஷம் கணக்கு கம்மியா கத்துக்குது, பயமும் ஒட்டிக்குதுன்னு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. "எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது"ன்னு ஆறுதலா சொல்றது இருக்கே, அந்த ஒரு டயலாக்கை வீட்லேருந்து தூக்கிடுங்க. கணக்கு உங்களுக்கு அலர்ஜின்னா அதை வேற ஆள்கிட்ட விட்டுட்டு நீங்க பிளாக்ஸ் கட்டறது, மேப் பாக்கறது, உடைஞ்ச மிக்ஸியை பிளக்கைப் பிடுங்கிட்டு கழட்டிப் பாக்கறது இந்த மாதிரி பக்கம் இருங்க. ஒரு பொருளை மனசுக்குள்ளயே திருப்பிப் பாக்கற திறமை பொறக்கும்போதே வர வரம்னு நினைக்கறோம், இல்ல, பழக்கினா வரும். அமெரிக்கால மிச்சிகன் டெக் யூனிவர்சிட்டில ஷெரில் சோர்பின்னு ஒரு இன்ஜினியரிங் பேராசிரியை 1993லேர்ந்து இதுக்குன்னே ஒரு கோர்ஸ் நடத்தி, அதுல சேர்ந்த பொண்ணுங்க இன்ஜினியரிங்ல நிலைச்சு நின்னதைக் காட்டியிருக்காங்க.

கம்ப்யூட்டர் பக்கம்னா ஸ்க்ராட்ச்னு குழந்தைங்க கோடிங் பழகற ஒரு புரோகிராம் இருக்கு, இலவசம், 2007லேர்ந்து இருக்கு, கிளாஸ் இல்லாமலே ஒரு குழந்தை தானா கேம் பண்ணிடும்.

தெரியாத செலவு: உங்க பொறுமை, உங்க நேரம். அப்புறம் மேஜை மேல எப்பவும் குப்பை கிடக்கும். 12, 13 வயசுக்கு மேல அப்பா அம்மாவோட உக்காந்து பண்றதே அவளுக்கு கேவலமா இருக்கும், அதோட இந்த வழி முடிஞ்சது, இழுத்துப் பிடிக்காதீங்க.

## வழி 4: மென்ட்டர்

இதுல ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா குழப்பிக்கறோம். மேடையில வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போறவங்க ஒண்ணு, வருஷம் பூரா மெசேஜ் பண்ணா பதில் சொல்ற ஒரு அக்கா இன்னொண்ணு. முதல் ரகத்து மேல எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. "சயின்ஸ் பண்ணாலும் ஸ்டைலா இருக்கலாம்"னு காட்டறதுக்கு பிங்க் டிரெஸ், மேக்கப்போட ரோல் மாடல்களைக் காட்டினா, பள்ளிப் பொண்ணுங்களுக்கு கணக்கு மேல ஆர்வம் குறைஞ்சு போச்சுன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, சாதாரணமா இருக்கற ரோல் மாடலே பரவாயில்லையாம். ஸ்டைலும் சயின்ஸும் ரெண்டும் ஒண்ணா எட்டற விஷயமா அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியல.

ரெண்டாவது ரகம்தான் தங்கம். இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த 150 பொண்ணுங்களை வச்சு ஒரு ஆய்வு, 2017ல வந்தது. சிலருக்கு சீனியர் பொண்ணு மென்ட்டர், சிலருக்கு சீனியர் பையன், சிலருக்கு யாரும் இல்ல. வருஷக் கடைசில பையன் மென்ட்டரா இருந்தவங்கள்ல 18 சதவீதம் பேர் இன்ஜினியரிங்கை விட்டுட்டாங்க, யாரும் இல்லாதவங்கள்ல 11 சதவீதம், பொண்ணு மென்ட்டர் இருந்தவங்கள்ல ஒருத்தர் கூட விடல. இதுக்குக் காரணம் மார்க் இல்ல, இது நம்ம இடம்தான்ங்கற நினைப்பும் நம்மால முடியும்ங்கற நம்பிக்கையும் குறையாம இருந்ததுதான். ரெண்டு மூணு வயசு மூத்தவளா இருந்தா போதும்ங்கறதும் கவனிக்க வேண்டியது, பெரிய சாதனையாளரைத் தேடிட்டு அலைய வேண்டாம்.

15 வயசுக்கு மேல, என்ன பிரிவு எடுக்கறது, எந்த கோர்ஸ்னு குழப்பம் வர நேரத்துல இதை விட உபயோகமானது இல்ல. 8 வயசுப் பொண்ணுக்கு வேஸ்ட்.

தெரியாத செலவு: நல்ல ஆள் கிடைக்கறது. ஒருத்தங்க ரெண்டு தடவை பேசிட்டு பிஸி ஆயிட்டா அவ "நான் போர் அடிச்சிட்டேன் போல"ன்னு எடுத்துப்பா. எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு நேரம்னு முன்னாடியே பேசிக்கங்க. முதல் சில தடவை உங்களுக்கு நம்பிக்கையான இடத்துல, உங்களுக்குத் தெரியறபடி நடக்கட்டும்.

## ஒரே பார்வையில

| வழி | கை யாரோடது | எங்க இடிக்கும் | யாருக்கு |
|---|---|---|---|
| கிளாஸ் | குரூப் சைஸைப் பொறுத்து | ஏற்கனவே தெரிஞ்ச பசங்க, லெவல் மேல லெவல் | தானா கேக்கற பொண்ணு |
| கேர்ள்ஸ் கிளப் | அவளோடது | தொடர்ந்து நடக்கறது கஷ்டம், பிங்க் சிலபஸ் | 10–14, கூச்சம் அதிகம் |
| வீடு | அவளோடது, நீங்க பிடுங்காத வரை | உங்க பொறுமை, கணக்கு பயம் | 10க்குக் கீழ |
| மென்ட்டர் | கை வேலை கம்மி, மனசுக்கு பலம் | சரியான ஆள் கிடைக்கறது | 15க்கு மேல |

ஒண்ணே ஒண்ணு எடுன்னு என் கழுத்துல கத்தி வச்சா வீடுதான் சொல்வேன், 10 வயசுக்குக் கீழ இருந்தா. 15க்கு மேலன்னா மென்ட்டர். 10லேர்ந்து 14னா கிளப், அது கிடைக்கலைன்னா ரெண்டு பேருக்கு ஒரு கிட் குடுக்கற கிளாஸ், தெரிஞ்ச தோழி ஒருத்தியோட சேர்த்து. தோழி விஷயத்தை லேசா எடுக்காதீங்க, ஒரே பொண்ணா போறதுக்கும் ரெண்டு பேரா போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீட்ல அண்ணனோ தம்பியோ இருந்தா கிட் ரெண்டு வாங்குங்க, "ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கங்க"ன்னா அது யார் கைக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும்.

## எதுவுமே வேண்டாம்னு சொன்னா?

வேண்டாம்னா வேண்டாம், விட்டுடுங்க. டான்ஸ், எழுத்து, சட்டம் எதுல வேணா போகட்டும், இஷ்டமில்லாத பொண்ணை இழுத்துட்டு வந்து எண்ணிக்கையைக் கூட்டறது யாருக்கும் நல்லதில்ல. ஆனா பிடிக்கலைங்கறாளா, பயமா இருக்குங்கறாளான்னு மட்டும் நிதானமா கேட்டுப் பாருங்க. நல்லா மார்க் எடுக்கற பொண்ணே "எனக்கு மூளை அந்த அளவுக்கு இல்ல"ன்னு சொன்னா அது பயம். பயம்னா கணக்கையும் பிசிக்ஸையும் மட்டும் முடிஞ்ச வரைக்கும் கைவிடாம வச்சுக்கச் சொல்லுங்க, ஏன்னா அந்த ரெண்டையும் பள்ளியில ஒரு தடவை விட்டுட்டா பெரும்பாலான இன்ஜினியரிங் கோர்ஸுக்கு அப்புறம் திரும்பி வரது ரொம்ப சிரமம், வச்சுக்கிட்டு பின்னாடி வேண்டாம்னு முடிவு பண்றது ஈஸி. பிரிவு தேர்ந்தெடுக்கற ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியாவது இந்தப் பேச்சை வச்சுக்கங்க, கடைசி நாள் ராத்திரி வேண்டாம்.